தண்ணீர் போன வழி

படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு வரும் பழைய கெப் வண்டி எதையாவது நிறுத்தி, சீற்றுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தால் ஒரு போத்தல் அகப்படும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலாக இருக்கலாம், ஐந்து லீற்றர் எண்ணெய்க் கலனாகவும் இருக்கலாம். உள்ளே இருப்பது குடிக்கிற தண்ணீர் அல்ல, ரேடியேற்றருக்கு ஊற்றுகிற தண்ணீர். வவுணதீவில் நெல் ஏற்றிக்கொண்டு வலையிறவுப் பாலம் கடக்கிற வண்டியும், கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலத்தால் வருகிற வண்டியும், வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன்பெட்டி ஏற்றுகிற வண்டியும் இந்தப் போத்தலை நம்பி ஓடுகின்றன. காலையில் ஒரு போத்தல், திரும்பும்போது இன்னொன்று. வண்டி வழியில் நிற்காதவரை அதை யாரும் பழுது என்று எண்ணுவதில்லை.

அப்படி எண்ணாததில்தான் பழுது வளர்கிறது. டீசல் எரிந்து தீரும். எஞ்சின் எண்ணெயும் கொஞ்சம் எரியும். பற்றரி நீர் வற்றும். ரேடியேற்றர் நீர் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது மூடியிட்ட ஒரு சுற்றுக்குள் ஓடித் திரும்புவது. வாரத்துக்கு ஒரு லீற்றர் குறைந்தால் அந்த ஒரு லீற்றர் எங்கோ போயிருக்கிறது. எங்கே என்று கேட்காமல் மேலும் மேலும் ஊற்றுவதால்தான், ஒரு ஹோஸ் கிளிப்போடு முடிந்திருக்க வேண்டிய வேலை ஹெட் கழற்றுகிற வேலையாகிறது.

இந்த வண்டிகள் இன்னும் வீதியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் முந்நூற்றறுபதைத் தொட, உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்ற வழி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. ஆகவே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் செய்யப்பட்ட ஹைலக்ஸ்களும் எல்200களும், போர்க்காலத்திலும் சுனாமிக்குப் பின்னும் தொண்டு நிறுவனங்களோடு மாவட்டத்துக்குள் வந்து பிறகு பல கை மாறிய டபுள் கெப்களும் குடும்பங்களின் உழைப்பைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. ஹைலக்ஸின் 2எல் எஞ்சின் 2,446 கன சென்ரிமீற்றர், எல்200இன் 4டி56 எஞ்சின் 2,477. இரண்டும் நான்கு சிலிண்டர் டீசல். கவனித்துப் பார்த்தால் லட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடக்கூடியவை. சூடேற விட்டால் ஹெட் வெடிப்பதற்கும் பேர்போனவை, அதிலும் டர்போ பூட்டியவை.

டீசல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாயால் வெளியே போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை எட்டு முதல் பத்து லீற்றர் வரையான நீர்தான் சுமந்து வந்து ரேடியேற்றரில் இறக்கிவைக்கிறது. 1900ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மைபாக் மேர்சிடிஸ் வண்டிக்கென்று தேன்கூட்டு ரேடியேற்றரை வடிவமைத்ததிலிருந்து இந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை: மெல்லிய வழிகளில் நீர், அவற்றின் ஊடே காற்று.

மூடியை அற்பமாக நினைப்பவர்கள் அதிகம். அது வெறும் மூடியல்ல, அமுக்க வால்வு. 0.9 பார் என்று பொறித்த மூடி சரியாக வேலை செய்தால் உள்ளே இருக்கிற வெறும் நீர் 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அதன் ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்தப் பதினெட்டுப் பாகை காப்பு போய்விடும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போகிறவர்கள் இதை மலையில் உணர்வார்கள். பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்து நீர் அங்கே 98 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். மகா ஓயா வரை சாதுவாக வந்த வண்டி லுணுகலை, பசறை ஏற்றங்களில் கொதிக்கிறதென்றால் எஞ்சினைக் குறைசொல்லுமுன் மூடியை மாற்றிப் பார்க்கலாம். மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் இருக்கிறது. சூட்டில் ரேடியேற்றருக்குப் பக்கத்திலுள்ள போத்தலுக்குப் போன நீரை, எஞ்சின் ஆறும்போது அதுதான் திரும்ப இழுத்துக்கொள்ளும். அது அடைபட்டால், அல்லது போத்தலுக்குப் போகும் சிறு குழாயில் வெடிப்பு இருந்தால், போத்தல் நிரம்பி வழியும், ரேடியேற்றர் வற்றிக் கிடக்கும். ஓட்டுநர் போத்தலை மட்டும் பார்த்து மனம் ஆறுவார்.

ஏறாவூர்ப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் இந்தப் பேச்சு எந்த வாரமும் கேட்கக்கூடியது.

“எத்தின நாளா இறங்குது தம்பி?”

“ஒரு மாசமாக் கிடக்கும் நானா. ரெண்டு போத்தல் ஊத்தினாச் சரியா ஓடுது.”

“அது ஓடல்ல, நீ ஊத்தி ஓட்டுறாய். கீழ ஒழுகுதா?”

“இல்ல நானா, விடியப் பாத்தா நிலம் காஞ்சுதான் கிடக்கு.”

“அப்ப இண்டைக்கு விட்டுட்டுப் போ. சூட்டோட பாக்க ஏலா. நாளைக்கு விடிய, ஆறின எஞ்சினப் பாப்பம்.”

அந்த மெக்கானிக்கின் பொறுமைதான் நோயறிதலின் பாதி. சூடான எஞ்சின் பல தடயங்களை அழித்துவிடும். ஒரு துளி நீர் நூறு பாகையை நெருங்கிய இரும்பில் விழுந்தால் நிலத்தைத் தொடுமுன் ஆவியாகும். நிலம் காய்ந்திருப்பதை வைத்து ஒழுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆவியான நீர் தன்னோடு சுமந்துவந்த உப்பையும் துருவையும் கூலன்ட் சாயத்தையும் கொண்டுபோவதில்லை, அந்த இடத்திலேயே விட்டுப்போகிறது. ஆகவே டோர்ச் லைற்றோடு தேட வேண்டியது ஈரத்தை அல்ல, காய்ந்த கறையை. மேல் ஹோஸ் ரேடியேற்றரோடு சேரும் கழுத்து, கிளிப்புக்கு அடியில் ரப்பர் வெட்டுப்பட்ட இடம், ரேடியேற்றரின் தொட்டியும் குழாய்த்தொகுதியும் சேரும் விளிம்பு, எஞ்சின் பக்கவாட்டில் அடித்திறுக்கிய வட்டத் தகட்டு மூடிகள் எல்லாம் பார்க்க வேண்டியவை. வோட்டர் பம்பின் அடிப்புறத்தில் பென்சில் முனை நுழையுமளவு ஒரு துளை உண்டு. பலர் அதை வார்ப்பில் விழுந்த குறை என்று நினைக்கிறார்கள். அது வேண்டுமென்றே வைத்த துளை. உள்ளே அச்சுத்தண்டைச் சுற்றியிருக்கும் சீல் தேய்ந்தால் நீர் பெயாரிங்கிற்குள் போகாமல் அந்த வழியாக வெளியே வந்து செய்தி சொல்லும். துளையிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாகவோ செம்மஞ்சளாகவோ ஒரு கோடு இறங்கியிருந்தால் பம்பின் ஆயுள் முடிகிறது என்று பொருள். அந்தத் துளையை ஒட்டுப்பசை வைத்து அடைத்த வண்டிகளும் உண்டு. நீர் பிறகு பெயாரிங்கைத் தின்னும், ஒருநாள் ஓட்டத்திலேயே விசிறி கழன்று ரேடியேற்றரைக் கிழிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கை அமுக்கமானி பூட்டிய கைப்பம்ப் காட்டித்தரும். ஆறிய எஞ்சினில் மூடியின் இடத்தில் பூட்டி, மூடியில் பொறித்த அதே அமுக்கத்துக்கு அடித்துவிட்டு, கால் மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் இறங்கி, எங்காவது துளி தெரிந்தால் அதுதான் விடை. முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் நீர் உள்ளே போகிறது.

உள்ளே போவதற்கு இரண்டு இடங்கள்: எண்ணெய், அல்லது சிலிண்டர். எண்ணெயோடு கலந்தால் அளவுக்கோலில் பால் தேத்தண்ணி நிறத்தில் குழம்பு ஒட்டும். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் மட்டும் மெல்லியதாகத் தெரிந்தால் பதறத் தேவையில்லை, குறுந்தூரம் ஓடும் வண்டிகளில் மாரிகாலத்து ஈரம் அப்படிப் படியும். சிலிண்டருக்குள் போனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வரும், கூலன்ட் கலந்திருந்தால் இனிப்பு வாடையும் சேரும். இதைவிட நம்பத்தக்க அடையாளம் ஒன்று உண்டு. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே ஹோஸ் கல்லாக இறுகினால் அந்த அமுக்கம் சூட்டால் வந்ததல்ல. சிலிண்டரில் எரிந்த வாயு ஹெட் கஸ்கட்டைத் தாண்டி நீருக்குள் வருகிறது. மூடியைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்தால் நீரில் விடாமல் குமிழி எழும். இதை உறுதிசெய்ய நீல நிறச் சோதனைத் திரவம் ஒன்று விற்கிறார்கள். ரேடியேற்றர் வாயிலுள்ள காற்றை அதனூடே இழுத்தால், எரிந்த வாயுவிலுள்ள கரியமிலவாயு பட்டு அது பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும்.

கஸ்கட் தானாகப் போவது குறைவு. 4டி56 போன்ற எஞ்சின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். வழமையான சூட்டில் கஸ்கட் அந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். ஒருமுறை கொதித்துவிட்டால் ஹெட் வளைந்துபோகும். வளைந்த ஹெட்டுக்குப் புதுக் கஸ்கட் வைத்து இறுக்கினால் சில மாதம் ஓடும், பிறகு பழைய கதை. ஹெட்டை லேத் கடையில் கொடுத்து ஃபேஸ் பண்ணி, வால்வுகளுக்கு நடுவில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று அமுக்கம் கொடுத்துப் பார்த்த பிறகே பூட்ட வேண்டும். இதைச் சொல்கிற மெக்கானிக்கைப் பணம் பிடுங்குகிறவர் என்று நினைக்கக் கூடாது.

டாஷ்போர்ட் முள்ளை நம்பி ஓட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். சூட்டை அளக்கும் உணரி நீருக்குள் மூழ்கியிருக்கும்போதுதான் சரியாகச் சொல்லும். நீர் முழுக்கப் போய்விட்டால் அது நீரில்லாத இடத்தில் நிற்கும், முள் மேலே ஏறாமல் கீழே இறங்கக்கூடும். சிவப்பை நெருங்கிய முள் திடீரென்று நடுவுக்கு வந்தால் ‘ஆறிவிட்டது’ என்று மிதிக்கக் கூடாது, உடனே ஓரம் கட்ட வேண்டும். மட்டக்களப்பு வண்டிகளில் எரிந்துபோன எஞ்சின்கள் பலவற்றின் கதையில் இந்த இறங்கிய முள் வரும்.

நீர் குறையாமலே சூடேறும் வண்டிகளும் உண்டு, அந்தச் சூட்டுக்கு இந்த மண்ணும் காற்றும் கைகொடுக்கின்றன. மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். மலையைத் தாண்டி வரும்போது ஈரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு, காய்ந்து சூடாகி இறங்குகிற காற்று அது. சூடான காற்று ரேடியேற்றரைக் குறைவாகவே ஆற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றின் திசையை நினைப்பவர்கள் குறைவு. கரடியனாற்றிலிருந்து செங்கலடிக்கு, சுமையோடு, 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கச்சான் 30 கிலோமீற்றர் வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால் ரேடியேற்றருக்கு முன்னால் மிஞ்சுவது 10 கிலோமீற்றர் காற்று. அதே வண்டி அதே வேகத்தில் எதிர்த்திசையில் போனால் 70. ‘போகேக்க ஒண்டுமில்ல, வரேக்கதான் சூடாகுது’ என்று ஓட்டுநர் சொல்வதில் மர்மம் எதுவுமில்லை.

அந்த 10 கிலோமீற்றரில் வண்டியைக் காப்பாற்ற வேண்டியது விசிறி. பழைய கெப்புகளின் விசிறி நடுவில் சிலிக்கன் எண்ணெய் நிரம்பிய கிளட்ச் இருக்கும். சூடேறியதும் அது இறுகி விசிறியை முழு வேகத்தில் சுற்ற வேண்டும். எண்ணெய் ஒழுகிப்போன கிளட்ச் சும்மா வழுக்கும். எஞ்சினை நிறுத்திய கையோடு, சூடாக இருக்கும்போதே விசிறியைச் சுண்டிப் பார்த்தால் தெரியும்: இரண்டு மூன்று சுற்று தடையில்லாமல் ஓடினால் கிளட்ச் செத்துவிட்டது. விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு முன்பக்கம் அடிபட்டுத் திருத்தியபோது கழற்றப்பட்டு, திரும்பப் பூட்டப்படாமலே போய்விடும். கூடில்லாத விசிறி, ரேடியேற்றரினூடாக இழுக்க வேண்டிய காற்றை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கிற சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். அறுவடைக் காலத்தில் இன்னொன்று. வயல் வழி போய்வரும் வண்டியின் ரேடியேற்றர் தகடுகளில் பதரும் வைக்கோல் தூசும் பூச்சியும் அடைந்துகொள்ளும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கத்துக்கு மெதுவாகத் தண்ணீர் அடித்தாலே பாதி நோய் தீரும்.

வேகமெடுக்கும்போது மட்டும் சூடேறுகிறதா? கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும். பம்ப் நீரை உறிஞ்சுகிற ஹோஸ் அது. தட்டையாகாமல் தாங்க உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். துருவில் அது கரைந்துபோனால், நிறுத்தி வைத்திருக்கும்போது ஹோஸ் ஒழுங்காகத் தெரியும், ஒருவர் அக்சிலேற்றரை மிதிக்க மற்றவர் பார்த்தால் கண்முன்னே ஒட்டிச் சுருங்கும்.

தெர்மோஸ்டற்றைக் கழற்றி எறிவது இந்தப் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். சேர்ஜியஸ் வேர்னே 1930களில் கண்டுபிடித்த மெழுகு வால்வின் வாரிசு அது. 82 அல்லது 88 பாகையில் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். ‘நம்மட வெயிலுக்கு அது என்னத்துக்கு?’ என்று கேட்பார்கள். பல ஜப்பானிய எஞ்சின்களில் அந்த வால்வின் அடித்தட்டு இன்னொரு வேலையும் செய்கிறது: எஞ்சின் சூடேறியதும் ரேடியேற்றரைத் தவிர்க்கும் குறுக்குவழியை மூடுகிறது. வால்வைக் கழற்றினால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான நீரில் ஒரு பங்கு ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டுக்குப் பயந்து கழற்றியதே சுமையோடு ஏறும்போது சூட்டைக் கூட்டிவிடுகிறது.

இவ்வளவையும் தாண்டி, மட்டக்களப்பில் கேட்க வேண்டிய கேள்வி, போத்தலில் இருக்கிற தண்ணீர் எங்கே அள்ளியது என்பது. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் நீர் மாரியில் வெள்ளம் சேர்ந்து நன்னீருக்குக் கிட்ட வரும், முகத்துவாரம் வெட்டி வெள்ளம் வடிந்த பின் கடல் உள்ளே ஏறும், கோடையில் உவர்க்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல்திட்டில் கிணறுகளின் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிற மெல்லிய படலம். 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் கிணறுகளை மூடிப்போனபோது, இறைத்துச் சுத்தம் செய்ய முயன்றும் உப்பு உடனே விடவில்லை, மழை கழுவித்தான் மெல்ல மெல்ல இறங்கியது. இன்றும் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் ஒரு கிணறு இனிப்பாகவும் மற்றது சவராகவும் இருக்கும்.

கனரக டீசல் எஞ்சின் செய்கிறவர்கள் குளிர்ச்சி நீரில் அனுமதிக்கும் குளோரைட்டு லீற்றருக்கு 40 மில்லிகிராம் அளவுதான். கடல்நீரின் ஒரு லீற்றரில் இருப்பதோ ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்து லீற்றர் கொள்ளும் சுற்றுக்குள் 21 மில்லிலீற்றர் கடல்நீர் போனாலே அந்த எல்லை தொட்டுவிடும். வழியில் அவசரத்துக்கு வாவியில் அள்ளி ஊற்றிய ஒரு போத்தல், வருடக்கணக்கான அரிப்பை ஒரே நாளில் உள்ளே விடுகிறது. இரும்பு, அலுமினியம், செம்பு, ஈயப்பற்று எல்லாம் ஒரே உப்புநீரில் நனைந்தால் உள்ளே ஒரு மின்கலமே உருவாகும், அதில் முதலில் தின்னப்படுவது அலுமினியம். கழற்றிய பழைய வோட்டர் பம்புகளில் நீரைத் தள்ள வேண்டிய இலைகள் பாதியாய்த் தேய்ந்திருப்பதைப் பார்க்கலாம். கடின நீரின் கேடு வேறு வகை. ஒரு மில்லிமீற்றர் சுண்ணாம்புப் படிவு, ஓர் அங்குலத்துக்குக் குறையாத வார்ப்பிரும்பு அளவுக்குச் சூட்டைத் தடுக்கும்.

இதனால்தான் ‘இங்க பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?’ என்ற வாதம் நிற்காது. நீர் உறைவதைத் தடுப்பதற்காக அல்ல, அரிப்பைத் தடுக்கும் மருந்துக்காகத்தான் இந்த ஊர் வண்டிக்குக் கூலன்ட் வேண்டும். சரிபாதி கிளைக்கோல் கலந்த நீர் வெறும் நீரைவிடச் சூட்டைக் கொஞ்சம் குறைவாகவே சுமக்கும் என்பது உண்மை. ஆனால் மூடியில்லாமலே 107 பாகை வரை கொதிக்காமல் நிற்கும், பம்பையும் ஹெட்டையும் காக்கும். கலப்பதற்குப் பற்றரி நீர் நல்லது. ஒக்டோபருக்குப் பின் வாடையோடு வருகிற இந்தக் கரையின் மாரியில், முதல் மழையில் கூரை கழுவிய பின் பிடித்த நீரும் உதவும். கூலன்ட் சேர்க்காமல் மழைநீரை மட்டும் ஊற்றினால் அதுவும் இரும்பைத் தின்னும்.

சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள், காரணத்தை யாரும் சொல்வதில்லை. 118 பாகையில் அடைபட்ட எட்டு லீற்றர் நீரைச் சட்டென்று திறந்தால் அதில் கால் லீற்றருக்கு மேல் கணத்தில் ஆவியாகும். கால் லீற்றர் நீர் 400 லீற்றருக்கும் அதிகமான நீராவி. இரண்டு எண்ணெய்ப் பீப்பாய் அளவு ஆவி ஒரு கையகல வாயால் முகத்தை நோக்கி வருகிறது. அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். ஆறாத எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவது ஹெட்டை வெடிக்கவைக்கும் நேர்வழி.

எல்லாம் திருத்தி, சுற்றைக் கழுவி, புது நீர் நிரப்பும்போது வண்டியின் முன்பக்கம் உயர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். ஹீற்றர் இருந்தால் அதன் திருகியைச் சூட்டுப் பக்கம் வைத்து, மூடியில்லாமல் மெதுவாக ஓடவிட்டு, தெர்மோஸ்டற் திறந்து கீழ் ஹோஸ் சூடேறும்வரை காத்திருந்து, குமிழி நின்ற பிறகு மூடியைப் பூட்ட வேண்டும். மறுநாள் விடியற்காலையில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறிய இடம் அது, நிரப்பிவிட்டு ஓட்டலாம். ரேடியேற்றருக்குப் பக்கத்துப் போத்தலில் ஒரு கோடு கீறி வைத்து அடுத்த வாரம் முழுவதும் ஆறிய எஞ்சினில் பார்க்க வேண்டும். கோட்டுக்குக் கீழே மறுபடியும் போனால், சீற்றுக்குப் பின்னால் கையை நீட்டாமல், கைப்பம்பைத் திரும்பப் பூட்ட வேண்டியதுதான்.